வழி பார்க்கப் போகும் நாளில் ஓடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: மலை ஓட்டம்

(பெரியகுளம் பகுதியில் 27 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நெடுந்தூர ஓட்டத்துக்கு முன்னால் மலையில் வழி பார்ப்பது பற்றியவை.)

கேள்வி: டீச்சர், நானும் மூன்று நண்பர்களும் வரும் ஜனவரியில் கும்பக்கரையில் கிளம்பி, வெள்ளகவி, வட்டக்கானல் வழியாகக் கொடைக்கானல் ஏறி, வந்த வழியே அன்றைக்கே இறங்கத் திட்டமிட்டிருக்கிறோம். ஏற்கெனவே ஏறிய ஒருவரின் ஜிபிஎஸ் தடத்தை வாட்ச்சில் ஏற்றி வைத்திருக்கிறோம். அது இருக்கும்போது, நேரில் போய் வழி பார்த்துவிட்டு வருவது அவசியமா?
– வாசகர், மதுரை

பதில்: அவசியம், தம்பி. ஒரு முறை போதாது, இரண்டு முறை போய் வாருங்கள். ஒரு நாள் ஏறிப் பார்க்க, இன்னொரு நாள் இறங்கிப் பார்க்க.

நீங்கள் எடுத்திருக்கும் வழி எனக்கு நெருக்கமான வழி. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியபோது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து மலைத்தடங்களில்தான் ஆளும் சாமானும் ஏறியிருக்கின்றன. வெள்ளகவிக்கு இன்றைக்கும் அரிசி பருப்பு குதிரை முதுகில் போய்க்கொண்டிருக்கிறது. அடிவாரம் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டர் சொச்சம். ஆக ஏறுவது 1,700 மீட்டர். நடுவில் இறங்கி ஏறும் ஓடைகள் தனிக் கணக்கு. அதே 1,700-ஐ அன்றைக்கே இறங்கவும் போகிறீர்கள். கடிகாரத்திலிருக்கும் கோடு இதில் எதையும் சொல்லாது.

ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்லவில்லை, நானும் கட்டிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் அடர்ந்த மரத்துக்கு அடியிலும், ஒரு பக்கம் பாறைச் சுவராக நிற்கும் பள்ளத்திலும் சிக்னல் தட்டுத்தடுமாறி வரும். பத்து, பதினைந்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். ரோட்டில் பதினைந்து மீட்டர் ஒன்றுமில்லை. மலைச் சரிவில் அது வேறு தடம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2016-ல் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் தடம் இரண்டாகப் பிரிகிறது. மேகம் இறங்கி, நாலு மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடிகாரம் நான் கோட்டின் மேலேயே நிற்பதாகக் காட்டியது. இடது தடம் அகலமாக, சுத்தமாக இருந்ததால் அதில் இறங்கிவிட்டேன். இரண்டு தடமும் ரொம்ப தூரத்துக்கு ஒன்றை ஒன்று ஒட்டியே போயிருக்கின்றன, அதனால் கடிகாரமும் எச்சரிக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, தடம் ஒரு தண்ணீர்த் தொட்டியடியில் முடிந்துபோனது. தொடை நடுங்க நடுங்கத் திரும்ப ஏறினேன். அந்தப் பிரிவில் ஒரு பெரியவர் குதிரையை நிறுத்தி, மூட்டைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சொன்னார்: "கீழ பாத்துல்ல நடக்கணும் தாயி. குதிரைச் சாணம் கெடக்குற தடம் ஊருக்குப் போவும். சாணம் இல்லாத தடம் தோட்டத்துலதான் போயி முட்டும்."

குனிந்து பார்த்தேன். வலது தடத்தில் காய்ந்து மிதிபட்டு, வைக்கோல் துணுக்குபோலச் சிதறிக் கிடந்தது சாணம். கற்களின் விளிம்பில் லாடம் பட்ட வெள்ளைக் கீறல்கள். எத்தனையோ வருடமாகக் குளம்பு பட்டுப் பட்டு, கல்லின் நடுப்பகுதி வழுவழுவென்று குழிந்திருந்தது. இடது தடத்துக் கற்கள் சொரசொரப்பாகப் பாசி படிந்து கிடந்தன. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஓடி வந்த வேகத்தில் அது என் கண்ணில் படவில்லை.

இதனால்தான் இரண்டு முறை போகச் சொல்கிறேன். ஏறும்போது கிளைத் தடம் பின்னாலிருந்து வந்து நம் தடத்தோடு சேரும். சேர்ந்ததே தெரியாது, நம் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருப்போம். இறங்கும்போது அதே இடம் இரண்டாகப் பிரிந்து முன்னால் நிற்கும். ஏறும்போது ஒரு பிரிவும் தென்படாத வழி, இறங்கும்போது ஏழெட்டுப் பிரிவு காட்டும். ஏறிப் பார்க்கும் நாளில் கால் மணிக்கு ஒரு முறை நின்று திரும்பிப் பாருங்கள். கீழ்நோக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் களைத்துப்போய் இறங்கும்போது கண்ணுக்கு வேண்டியது அந்தக் காட்சிதான்.

அப்புறம் முக்கியமான விஷயம். வழி பார்க்கப் போகும் நாளில் ஓடாதீர்கள், நடங்கள். ஓடினால் கண் அடுத்த மூன்று அடியைத்தான் பார்க்கும். கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். மழையில் பேனா மை கரைந்துவிடும். எந்த ஓடையில் தண்ணீர் ஓடுகிறது, எது தேங்கி நிற்கிறது, எங்கே சரளை சறுக்குகிறது, எந்தப் பாறைத் தட்டு நனைந்தால் வழுக்கும், எந்த இடத்தில் நிழல் முடிகிறது, செல்போன் சிக்னல் எங்கே ஒரு கோடாவது வருகிறது – இதையெல்லாம் அந்த இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் பாதி மறந்திருக்கும்.

போகிற நேரமும் அதே நேரமாக இருக்க வேண்டும். ஜனவரியில் இங்கே விடிய ஆறரை ஆகும், சாயங்காலம் ஆறேகாலுக்கெல்லாம் பொழுது இறங்கிவிடும். அடிவாரத்துக்கும் மேலுக்கும் பத்து டிகிரிக்குக் குறையாமல் குளிர் வித்தியாசம் உண்டு. வேர்த்து நனைந்த பனியனோடு வட்டக்கானல் காற்றில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால்தான் காற்றுத் தடுப்புச் சட்டை வேண்டுமா என்பது புரியும்.

வெள்ளகவியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஊருக்குள் செருப்பு போட்டு நடக்க மாட்டார்கள். ஊரே கோயில் மாதிரி அவர்களுக்கு. ஊர் எல்லையில் நீங்களும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். கழற்ற, நடக்க, மண் தட்டி மறுபடி மாட்டிக்கொள்ள ஆகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். போக ஒரு முறை, வர ஒரு முறை. ஈரப் பாதத்தில் ஒட்டிய ஒரு மணல் பொடி சாக்ஸுக்குள் போனால் இறக்கத்தில் கொப்புளம் நிச்சயம். அதனால் ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வழி பார்க்கும் நாளிலேயே வெறுங்காலில் நடந்து, அங்கே ஒரு டீயாவது குடித்து, இன்ன தேதியில் நாலு பேர் வருவோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் வாசல் வழியாகத்தான் போகப் போகிறீர்கள்.

வெறுங்கால் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கெஸ்விக் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்தியவர் பாப் கிரஹாம். 1932 ஜூனில் 42 மலை உச்சிகளை 24 மணி நேரத்துக்குள் தொட்டுத் திரும்பினார். இன்றும் அந்தச் சுற்றை முயல்கிறவர்கள் அதை ஐந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனி நாளில் பலமுறை நடந்து பழகிய பிறகுதான் மொத்தமாக இறங்குவார்கள். கிரஹாம், ஓடுகிற ஷூ தேய்ந்துவிடக் கூடாது என்று வெறுங்காலோடே நடந்து வழி பார்த்ததாகச் சொல்வார்கள். நீங்களும் வழியை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: கும்பக்கரை–வெள்ளகவி ஒரு நாள், வெள்ளகவி–வட்டக்கானல் ஒரு நாள்.

கேள்வி: வழி பார்க்கத்தானே போகிறோம், அதற்கும் வனத்துறை அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், தேனி

பதில்: வேண்டும். தேனிக்காரர் நீங்களே இதைக் கேட்டது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி மலையில் நடந்ததை நாம் மறக்க முடியுமா? மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அன்றைக்கு ராத்திரி போடிப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவே இல்லை. அதன் பிறகுதான் மலையேற்ற விதிகள் இறுகின.

இப்போது முறையாகப் போக வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களை வனத்துறையே திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்யலாம், உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். உங்கள் வழி அந்தப் பட்டியலில் இருந்தால் அப்படிப் போங்கள். இல்லாவிட்டால் வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மேலே எழுதிய மதுரைத் தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கும்பக்கரை தேனி மாவட்டம், வெள்ளகவி திண்டுக்கல் மாவட்டம். ஒரு முனையில் கேட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வழக்கமாக பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதிவரை தீ அபாயத்துக்காக மலையேற்றத்தை நிறுத்திவைப்பார்கள். யானை நடமாட்டத்தால் கும்பக்கரை அருவியையே மூடிய நாட்கள் உண்டு. இல்லை என்று சொன்னால் இல்லைதான், வேறு மலையைப் பாருங்கள்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவாக நினைக்க வேண்டாம். காட்டுமாடு எந்த வளைவில் படுத்திருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அது வழியில் நின்றால் நின்றுவிடுங்கள். பின்னால் நகர்ந்து, அது போக இடம் விடுங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போய்விடக் கூடாது.

கேள்வி: முதல் முறையாக 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மொத்த ஏற்றம் 2,400 மீட்டர், நேர வரம்பு 11 மணி நேரம். சமதரை மண் ரோட்டில் மணிக்கு 8 கிலோமீட்டர் சலிக்காமல் ஓடுவேன். என்னால் முடிக்க முடியுமா, வழி பார்க்கும்போது நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது, அக்கா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கணக்கு போட்டே பார்த்துவிடலாம், வாங்க. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய விதி சொன்னார். நடப்பவருக்குச் சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 100 மீட்டர் ஏற்றத்துக்கு 10 நிமிடம் கூட்டு. உங்களுக்கு 5-ஐ எடுத்துவிட்டு 8 போடலாம். 50 கிலோமீட்டருக்கு ஆறேகால் மணி நேரம். 2,400 மீட்டர் ஏற்றத்துக்கு 240 நிமிடம், அதாவது 4 மணி நேரம். மொத்தம் பத்தேகால். வரம்புக்கு முக்கால் மணி நேரம் மிச்சம்.

மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். தண்ணீர் நிரப்புவது, ஷூவில் கல் எடுப்பது, வாழைப்பழம் உரிப்பது எல்லாம் அந்த முக்கால் மணிக்குள் அடங்க வேண்டும். தவிர, இறக்கத்தையும் இந்தக் கணக்கு சமதரையாகவே எடுத்துக்கொள்கிறது. செங்குத்தான இறக்கமானால் 300 மீட்டருக்கு 10 நிமிடம் கூட்ட வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அப்படி 1,200 மீட்டர் இருந்தாலே 40 நிமிடம் போய்விடும். உங்கள் போட்டியின் இறக்கம் கல்படியா, செம்மண் சரிவா, தார் ரோடா என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் முடிப்பதும் முடிக்காததும். அதைப் பார்க்கத்தான் நேரில் போக வேண்டும்.

வழியை ஏழெட்டுத் துண்டாகப் பிரித்து, மூச்சு வாங்காத நடையில் நடந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எடுத்த நேரத்தைக் குறியுங்கள். என் அனுபவத்தில் கடுமையான ஏற்றத்தில் போட்டி நாள் நேரம் நடந்த நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குதான் வரும். எவ்வளவு முக்கினாலும் பெரிதாகக் குறையாது. ஓடக்கூடிய இறக்கத்தில் பாதியாகிவிடும். உங்கள் கால் வேறு, என் கால் வேறு. ஒரு துண்டை மட்டும் இன்னொரு நாள் போட்டி வேகத்தில் ஓடிப் பார்த்தால் உங்களுடைய விகிதம் கிடைக்கும்.

அந்த ஒரு துண்டு இறக்கமாக இருக்கட்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்குகிறது. அதில்தான் நாரிழைகள் சிதைகின்றன. இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வோமே, அந்த வலி. ஆனால் ஒரு முறை அப்படி வலித்து ஆறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியை நன்றாகத் தாங்கும். அதனால் போட்டிக்கு மூன்று, நான்கு வாரம் முன்னால் ஒரு நல்ல இறக்கம் ஓடுங்கள். கடைசிப் பத்து நாளில் ஓடாதீர்கள், ஆற நேரம் இருக்காது.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். போட்டி நடக்கும் மலைக்கு முன்கூட்டிப் போக லீவும் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கும் கோடுகள், 20 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். போட்டிப் பாதையை அதில் பென்சிலால் வரைந்து, எத்தனை கோட்டை வெட்டுகிறது என்று விரலால் எண்ணுங்கள். கோடுகள் நெருங்கியிருக்கும் இடமெல்லாம் செங்குத்து, அங்கே நடைதான். மொபைலில் ஏற்ற இறக்கப் படத்தைப் பார்ப்பதைவிட இப்படி எண்ணினால் மனதில் பதியும். கால் பழக, பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்குங்கள். மெதுவாக ஏறி, இறங்குவதில் கவனம் வையுங்கள். போட்டிக்கு முதல் நாள் மத்தியானத்துக்குள் போய்ச் சேர முடிந்தால், கடைசி மூன்று கிலோமீட்டரை மட்டும் நடந்து பாருங்கள். கால் ஓய்ந்துபோய் வருகிறபோது அடுத்த வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது பெரிய தைரியம்.

கேள்வி: என் கணவர் ஒரு நெடுந்தூர மலை ஓட்டத்துக்குப் போகிறார். அதற்கு வழி பார்க்கிறேன் என்று விடிகாலை நாலு மணிக்குத் தனியாகக் கிளம்பிவிடுகிறார். சாயங்காலம் வரை போன் போகாது. தடுக்க மனமில்லை, ஆனால் அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடுவதில்லை. என்ன செய்வது, அக்கா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. அவரிடம் இதைக் காட்டுங்கள். நேராக அவருக்கே சொல்கிறேன்.

தம்பி, மலையில் தனியாக வழி பார்க்கப் போகாதீர்கள். கணுக்கால் பிசகினால் உச்சியிலிருந்து ஊருக்குச் செய்தி கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். அனுமதியோடு வழிகாட்டியையும் கூட்டிக்கொண்டு போனால் அந்த ஆள் கூடவே இருப்பார். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி ஒரு தாளில் நாலு விஷயம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: எந்த வழி, கூட வருபவரின் போன் நம்பர், எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவீர்கள், எத்தனை மணி தாண்டினால் வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும். மூன்றாவதுதான் பெரியது. பதினொன்றரைக்குத் திரும்புவதாக எழுதினால், உச்சி இருபது நிமிட தூரத்தில் தெரிந்தாலும் திரும்புங்கள். இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.

சிக்னல் இல்லாத காட்டில் போன் அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஏரோப்ளேன் மோடில் வைத்து, சிக்னல் வரும் என்று குறித்து வைத்த இடத்தில் மட்டும் எடுத்து ஒரு செய்தி அனுப்புங்கள். பை வாரில் ஒரு விசில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. உதவி கேட்கும் குறி அது. குரல் போகாத தூரத்துக்கு விசில் போகும்.

தங்கச்சி, இனி உங்களுக்கு. தாளில் எழுதிய நேரம் தாண்டினால் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தயங்க வேண்டாம். முதலில் வனச்சரக அலுவலகம், பிறகு 112. அந்த நம்பர்களை இன்றைக்கே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை அவர் கிளம்பும்போது அடிவாரம் வரை நீங்களும் போய் வாருங்கள். தடம் எங்கே தொடங்குகிறது, டீக்கடை யாருடையது, அவர் இறங்கி வரும் வழி எது என்பதைக் கண்ணால் பாருங்கள். அந்த டீக்கடைக்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அவர் மலையை விட்டு இறங்கியதும் முதலில் பார்ப்பது அந்தக் கடைக்காரராகத்தான் இருக்கும்.